மூட்டைப்பூச்சிக்காரருக்கு ஒரு வாடகை வீடு

மூட்டைப்பூச்சிக்கு மருந்தடிக்கிறவரைப் பற்றி யாரும் வாய் திறந்து பேச மாட்டார்கள். பேசினால், "இவன் வீட்டிலும் இருந்திருக்கிறது, அதனால்தான் இத்தனை விவரம் தெரிகிறது" என்று நாலு பேர் நினைப்பார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும். எனக்கென்ன வந்தது? அந்த மனுஷர் பட்ட பாட்டை யாராவது சொல்லித்தானே ஆகவேண்டும்.

ஆளைப் பார்த்து அவர் தொழிலைக் கண்டுபிடிக்க முடியாது. ஐம்பதைத் தாண்டிய வயது, ஒடிசலான உடம்பு, ஏறிப்போன நெற்றி. எப்போதும் இஸ்திரி மடிப்பு கலையாத சட்டை. ஒரு கையில் பழைய சூட்கேஸ், தோளில் நீளமான பை. சூட்கேஸுக்குள் மருந்து, கைப்பம்ப், டார்ச், திருப்புளி. பைக்குள் நீராவி அடிக்கிற மெஷினின் குழாய். தெருவில் வைத்து எதையும் திறக்க மாட்டார். இந்தத் தொழிலில் அதுதான் முதல் பாடம்.

பாருங்கள், வீட்டில் எலி வந்தால் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம்கூடச் சொல்லிப் புலம்பலாம். கரையான் வந்தால் கொஞ்சம் பெருமையாகவே சொல்லலாம், வீட்டில் நல்ல மரச்சாமான் இருக்கிறது என்று அர்த்தம். மூட்டைப்பூச்சியை மட்டும் மூச்சு விடக் கூடாது. விட்டால் மறுநாளிலிருந்து சொந்தத் தங்கைகூட வந்து உட்காரமாட்டாள். நின்றுகொண்டே நலம் விசாரித்துவிட்டு ஓடிவிடுவாள். அதனால் பூச்சிக்காரருக்கு வருகிற போன் எல்லாம் குளியலறைக்குள்ளிருந்துதான் வரும். குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு, கிசுகிசுவென்று பேசுவார்கள். பேச்சு முடிகிற நேரத்தில் தவறாமல் ஒரு கேள்வி வரும்.

"பக்கத்து வீட்ல யாராவது கேட்டா நீங்க யாருன்னு சொல்லட்டும்?"

"உங்க இஷ்டம்மா. வாய்க்கு வந்ததைச் சொல்லுங்க" என்பார் அவர்.

அவர்களும் வாய்க்கு வந்ததைச் சொன்னார்கள். ஒரு வீட்டில் அவர் டாக்டர், ஒரு வீட்டில் வக்கீல், ஒரு வீட்டில் வரி ஆபீசர், இன்னொரு வீட்டில் சமையல்காரர். அவர் செய்வதென்னவோ எல்லா வீட்டிலும் ஒரே வேலைதான். கட்டிலைக் கழற்றி, மெத்தையைத் தூக்கி நிறுத்தி, சட்டத்தின் இடுக்கெல்லாம் ஒரு மெல்லிய அட்டையை விட்டு வழித்து, நீராவி அடித்து, மருந்தடித்து, மறுபடி பூட்டிக் கொடுத்துவிட்டு வருவார். படியில் இறங்கும்போதுதான் அவருக்குக் குழப்பம் ஆரம்பிக்கும்.

வரி ஆபீசராக இருந்த நாளில், எதிர்வீட்டுக்காரர் கேட்காமலேயே நாற்காலி கொண்டுவந்து போட்டார், குளிர்பானம் கொடுத்தார். "எல்லாம் ஒழுங்கா கட்டிட்டேன் சார், வேணும்னா பார்த்துக்குங்க" என்று நெற்றி வியர்வையைத் துடைத்தார். பூச்சிக்காரர் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாமல் இருந்ததைப் பார்த்து எதிர்வீட்டுக்காரர் இன்னும் நடுங்கினார். சமையல்காரராக இருந்த நாளில், மாடி வீட்டு அம்மா அவரைப் படியிலேயே மடக்கி, "அங்க என்ன கொடுக்கறாங்க? நான் கூட கொடுக்கறேன், வந்துடுங்க" என்று ஆசை காட்டினாள். வெந்நீர் வைப்பதற்கு மேல் அவருக்கு ஒன்றும் தெரியாது.

டாக்டராக இருந்த நாள் இன்னும் மோசம். ஒரு பெரியவர் சட்டையைத் தூக்கி முதுகைக் காட்டினார். "நாலஞ்சு வாரமா அரிப்பு டாக்டர். சாப்பாடு ஒத்துக்கலையா? ரத்தத்துல ஏதாவது கோளாறா?" பூச்சிக்காரர் பார்த்தார். வரிசையாகச் சிவப்புத் தடிப்புகள். எந்த டாக்டரும் அந்த முதுகை அவரளவுக்குப் புரிந்துகொண்டிருக்க முடியாது. ஆனால் சொன்னால் இவர் யார் என்பது தெரிந்துவிடும், அழைத்த வீட்டின் மானம் போய்விடும். "மெத்தையை வெயில்ல போடுங்க" என்று மட்டும் சொன்னார். "அட, மாத்திரையே இல்லாம வைத்தியம் பார்க்கறாரே, என்ன ஒரு டாக்டர்!" என்று பெரியவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

அடுத்த வாரம் வேறொரு தெருவில் அவர் பிளம்பர். பக்கத்து வீட்டு இளைஞன், "ஏய், இங்க வாய்யா" என்று சொடக்குப் போட்டுக் கூப்பிட்டான். ஒழுகுகிற குழாயைக் காட்டி, "நீங்கல்லாம் பாதி வேலையை வேணும்னே விட்டுட்டுப் போவீங்க, மறுபடி கூப்பிடணும்னு" என்றான். அதே சட்டை, அதே மூஞ்சி, அதே சூட்கேஸ். அன்றைக்கு வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் நின்று முகத்தை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தார். போன வாரம் இருந்த டாக்டர் எங்கே, இந்த வாரம் வந்த பிளம்பர் எங்கே என்று தேடினார். ஒன்றும் பிடிபடவில்லை.

"என்னங்க, பல் ஏதாவது வலிக்குதா?" என்றாள் மனைவி.

"இல்ல, சும்மா."

மனைவியிடம்கூட அவர் எந்த வீட்டுக்குப் போனார் என்று சொன்னதில்லை. எந்தத் தெரு என்றுகூடச் சொன்னதில்லை. சின்ன வயதில் ஒரு லாட்ஜில் அறை கூட்டிக்கொண்டிருந்தபோது பழகிய வழக்கம் அது. விருந்தாளி ஏதோ கடிக்கிறதென்று கத்தினால், "எறும்பு சார், இனிப்பு சிந்திட்டீங்க போல" என்று சொல்லச் சொல்லி லாட்ஜ் மேனேஜர் பழக்கியிருந்தார். அறையை மாற்றிக் கொடுத்துவிட்டு, பழைய அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, மருந்தடிக்கிற ஆளுக்குக் கட்டிலைப் பிடித்துக்கொடுத்து, பிறகு தானே அடிக்கக் கற்றுக்கொண்டார். அப்படியே வாழ்நாள் ஓடிவிட்டது. வாயை மூடிக்கொண்டு வேலை பார்க்கிறவர் என்றுதான் அவர் நம்பர் கைமாறிக் கைமாறிப் போனது.

இப்போது வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். அதில்தான் மனுஷர் மாட்டிக்கொண்டார்.

குடியிருந்த வீட்டைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள். வீட்டுக்காரர் ஒருநாள் மாடிக்கு வந்தவர், மூலையிலிருந்த மருந்து டப்பாவைப் பார்த்துவிட்டார். இது என்ன, எதுக்கு என்று கேட்டார். மனைவி உள்ளதைச் சொன்னாள். கேட்டதும் அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. ஊர்ப் பூச்சியெல்லாம் அவர் சட்டையிலதானே ஒட்டிக்கிட்டு வரும்?"

"அவர் வீட்டுக்குள்ள வர்றதுக்கு முன்னாலயே துணி மாத்திடுவாருங்க. எல்லாத்தையும் கொதிக்கிற தண்ணியில போட்டுடுவோம். உங்க வீட்ல ஒரு பூச்சி பார்த்தீங்களா இதுவரைக்கும்?"

"இதுவரைக்கும் இல்லம்மா. இனிமே?"

அதற்கு முந்தின வீட்டிலும் இதே கதைதான். இரண்டு இடத்திலும் உண்மையைச் சொன்னது மனைவிதான், இரண்டு இடத்திலும் சாமான் கட்டினதும் அவள்தான். அவளுக்கு முட்டிவலி வேறு. ஒவ்வொரு படியும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் இறங்குவாள். கீழ்த்தளத்தில் ஒரு வீடு கிடைத்தால் போதும், வேறெதுவும் வேண்டாம் என்று நாய் படாத பாடு பட்டுத் தேடினாள். மாதம் முடிவதற்குள் கிளம்பியாக வேண்டும்.

ஒருநாள் சாயங்காலம் முகமெல்லாம் பல்லாக வந்தாள்.

"கிடைச்சுடுச்சுங்க! கீழ் வீடு. ஒரு படி கிடையாது. குழந்தைங்க காப்பகத்துக்கு நான் நடந்தே வேலைக்குப் போயிடலாம். வீட்டுக்காரம்மா தங்கமான மனுஷி. கமிட்டின்னு ஒண்ணு இருக்காம், ஞாயித்துக்கிழமை வந்து அவங்களை ஒரு தடவை பார்த்துட்டா சாவி கையில."

"எங்க?"

சொன்னாள். பால் கடைக்குப் பின்பக்கம், பச்சை கேட் போட்ட நாலு மாடிக் கட்டடம்.

பூச்சிக்காரருக்கு அந்தப் பச்சை கேட் நன்றாகத் தெரியும். அந்தக் கட்டடத்தில் மூன்று வீடுகளுக்கு அவர் போயிருக்கிறார். முதல் மாடியில், கமிட்டிச் செயலாளர் வீட்டில், அவர் பெண்ணுக்குப் பாட்டு வாத்தியார். இரண்டாம் மாடித் துணிக்கடைக்காரர் வீட்டில் வக்கீல். அதற்கும் மேலே, டீச்சரம்மா வீட்டில் டாக்டர். மூன்று பேருக்கும் அடுத்தவர் வீட்டு விஷயம் தெரியாது. ஒரு வீட்டில் மருந்தடித்தால் பூச்சி சுவர் ஓட்டை வழியாக அடுத்த வீட்டுக்குப் போய்விடும். எல்லாரும் ஒரே நாளில் அடித்தால் தொல்லை விட்டது. அதை எப்படிச் சொல்வது? சொன்னால் ஒருத்தர் குட்டு இன்னொருத்தருக்கு உடைந்துபோகும். சொல்லாமலிருந்தால் அவருக்கு வேலை வந்துகொண்டே இருக்கும். தான் சொல்லாமலிருப்பது நாணயத்துக்காகவா, பிழைப்புக்காகவா என்று அவரே பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறார். தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை என்று விட்டுவிட்டார்.

"அந்த வீடு வேண்டாமே" என்றார்.

"ஏன்?"

"வேண்டாம்னா வேண்டாம்."

"ஏன்னு கேட்கறேன்ல? தண்ணி வராதா? வெளிச்சம் இல்லையா? ஒரு காரணம் சொல்லுங்க."

காரணம் சொன்னால் மூன்று வீட்டு மானத்தைப் பெண்டாட்டியிடம் விற்றதாக ஆகும். அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு முட்டியைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து, "என்னால இன்னொரு வீடு தேட முடியாதுங்க" என்றாள். குரல் உடைந்துவிட்டது. அவர் தலையாட்டிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. கூட்டம் நடந்தது செயலாளர் வீட்டு ஹாலில். செயலாளர் ஒரு பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வீட்டு சோபாவின் அடித்துணியைக் கிழித்து, உள்ளே மருந்தடித்து, மறுபடி ஆணியடித்துக் கொடுத்தது பூச்சிக்காரர்தான். கதவைத் திறந்து அவரைப் பார்த்ததும் செயலாளர் முகத்தில் ஈயாடவில்லை. அதே சோபாவில் துணிக்கடைக்காரர் உட்கார்ந்திருந்தார், அவரும் திருதிருவென்று விழித்தார். ஜன்னலோரம் டீச்சரம்மா. கையிலிருந்த விசிறி அப்படியே நின்றுவிட்டது. வீட்டுக்காரம்மா ஒருத்திதான் எதுவும் தெரியாமல் சிரித்த முகமாக எழுந்து வந்தாள். அவள் குடியிருப்பது கடைசி மாடி. அதுவரைக்கும் பூச்சி ஏறவில்லை போலிருக்கிறது.

"வாங்க வாங்க. இவங்கதான் நான் சொன்ன குடும்பம். சார் வந்து..."

அவள் முடிப்பதற்குள் செயலாளர் முந்திக்கொண்டார். இந்த ஆள் வாயைத் திறந்தால் என்ன ஆகும் என்ற பயம் அவருக்கு.

"அடடே, பாட்டு வாத்தியாரா! எங்க பொண்ணுக்குச் சொல்லிக்கொடுத்தவராச்சே. உக்காருங்க, உக்காருங்க."

துணிக்கடைக்காரருக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவர் மனைவி இந்த ஆளை வக்கீல் என்று மாடி முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள்.

"பாட்டு வாத்தியாரா? இவர் நம்ம வக்கீல் சார். என் கடை விஷயமா வந்து போயிட்டிருந்தாரே."

"டாக்டர்தானே நீங்க?" என்றாள் டீச்சரம்மா, ஈனஸ்வரத்தில். அவளும் எதிர்வீட்டில் சொல்லிவிட்டவள்தான், என்ன செய்வாள்?

செயலாளர் துணிக்கடைக்காரரைப் பார்த்தார். துணிக்கடைக்காரர் டீச்சரம்மாவைப் பார்த்தார். டீச்சரம்மா இரண்டு பேரையும் பார்த்தாள். உங்கள் வீட்டிலுமா என்று ஒருத்தர் கண் இன்னொருத்தர் கண்ணைக் கேட்டது. பூச்சிக்காரர் அதைப் பார்த்துக்கொண்டேயிருந்தார். அவருக்குச் சிரிப்பு வரவேண்டிய இடம் அது. வரவில்லை. மனைவி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள், அவள் வீடு கைநழுவிப் போய்க்கொண்டிருந்தது.

வீட்டுக்காரம்மா குழம்பிப்போனாள். "ஒரு நிமிஷம் இருங்க. வக்கீலுன்னா நான் வீடு விட மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன். காலி பண்ணச் சொன்னா கோர்ட்டுக்குத்தான் போகணும். பாட்டு வாத்தியார்னா விடியறதுக்கு முன்னாடி ஆரம்பிச்சுடுவாங்க, பக்கத்துல யாரும் தூங்க முடியாது. டாக்டர்னா ஊர் நோயாளியெல்லாம் கேட்ல வந்து நிப்பாங்க." மூச்சு வாங்கிக்கொண்டு பூச்சிக்காரரின் மனைவி பக்கம் திரும்பினாள். "நீங்க இவரை பேங்க் ஆபீசர்னு சொன்னீங்களேம்மா?"

பூச்சிக்காரர் திரும்பி மனைவியைப் பார்த்தார்.

அவள் சேலை முந்தானையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நிமிரவேயில்லை. இத்தனை வருஷமாக ஊரார் ஆளுக்கொரு பேர் வைத்தபோதெல்லாம் அவருக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது. வேஷம் வாசலோடு போயிற்று, வீட்டுக்கு வந்தால் நான் நானாக இருக்கிறேன் என்று ஒரு தெம்பு இருந்தது. இவளுமா? வந்தது கோபமா, அழுகையா என்று அவருக்கே தெரியவில்லை.

"நீங்களே சொல்லிடுங்க சார்" என்றாள் வீட்டுக்காரம்மா. "நீங்க என்ன வேலை பார்க்கறீங்க?"

அந்தக் கேள்வியை அவரிடம் யாரும் கேட்டதேயில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. எல்லாரும் அவரைப் பற்றி வேறு யாரிடமோதான் கேட்டார்கள், வேறு யாரோதான் பதில் சொன்னார்கள். எதிரே மூன்று பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். 'பேங்க்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், வீடு கிடைத்துவிடும். அவர் வாயைத் திறந்தார். வந்தது வேறு.

"மூட்டைப்பூச்சிக்கு மருந்தடிக்கிறேம்மா."

மனைவி கண்ணை மூடிக்கொண்டாள். வீட்டுக்காரம்மா வாய்மேல் கையை வைத்தாள். "மூட்டைப்பூச்சியா? நம்ம கட்டடத்துக்கு எதுக்கு... இவங்க வீட்டுக்கெல்லாம் நீங்க..." என்று செயலாளர் பக்கம் மெதுவாகத் தலையைத் திருப்பினாள்.

அவ்வளவுதான், செயலாளர் சிரித்துவிட்டார். சாதாரணச் சிரிப்பு இல்லை. தொடையைத் தட்டி, கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"சார் ரொம்பத் தமாஷான ஆளு! பாடம் நடக்கும்போதும் இப்படித்தான், முகத்தை இம்மியும் மாத்தாம ஒரே போடா போடுவார். எங்க பொண்ணு விழுந்து விழுந்து சிரிப்பா."

"கோர்ட்லயும் அப்படித்தான்!" என்று துணிக்கடைக்காரர் பிடித்துக்கொண்டார். "ஜட்ஜே சிரிச்சுட்டாராம்."

"தமாஷ் இல்லைங்க, நெஜமாத்தான்" என்றார் பூச்சிக்காரர்.

"பாருங்க, பாருங்க, இப்பவும் சிரிக்காமயே சொல்றார்! அம்மா, நீங்களே சொல்லுங்க, இவரைப் பார்த்தா பூச்சி மருந்தடிக்கிறவர் மாதிரியா இருக்கு? அவங்கள்லாம் எப்படி இருப்பாங்கன்னு நமக்குத் தெரியாதா? அழுக்குச் சட்டையும் அதுவுமா, பக்கத்துல நிக்க முடியாது, அப்படி ஒரு வாடை அடிக்கும். சார் சட்டையில மடிப்பைப் பாருங்க. கத்தி மாதிரி நிக்குது."

செயலாளர் இதைச் சொன்னபோது பூச்சிக்காரர் அவரை நேருக்கு நேர் பார்த்தார். நாலு வாரம் முன்னால் இதே ஹாலில், இதே சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, சோபாவுக்கு அடியில் குப்புறப் படுத்திருந்தார். டார்ச் பிடித்தது இந்தச் செயலாளர்தான். "ரொம்ப நன்றிங்க, எங்க குலசாமி மாதிரி வந்தீங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டதும் இவர்தான். இப்போது அந்த முகத்தில் அதெல்லாம் நடந்த அடையாளமே இல்லை. நடந்ததா என்று பூச்சிக்காரருக்கே சந்தேகம் வந்துவிட்டது.

"அப்ப பாட்டு, வக்கீல், டாக்டர், இதெல்லாம்?" என்று வீட்டுக்காரம்மா விடாமல் கேட்டாள்.

"வேலை பேங்க்லதான். சாயங்காலத்துல பாட்டு, ஆசைக்காக. அதுவும் விடியக்காலம் கிடையாது" என்றார் செயலாளர்.

"சட்டமும் படிச்சு வச்சிருக்கார். சிநேகிதங்களுக்கு மட்டும் யோசனை சொல்வார், கேஸ் நடத்தறதில்ல" என்றார் துணிக்கடைக்காரர்.

எல்லாரும் டீச்சரம்மாவைப் பார்த்தார்கள். அவள் கொஞ்சம் திணறினாள். "கைராசி. ஏதோ பார்த்துச் சொல்வார். என் எதிர்வீட்டுப் பெரியவருக்கு முதுகு அரிப்பே நின்னுடுச்சுன்னா பார்த்துக்குங்க."

வீட்டுக்காரம்மாவின் முகம் மலர்ந்தது. "அடேயப்பா! இத்தனையும் ஒரே ஆளா? இப்படி ஒருத்தர் வந்தா கட்டடத்துக்கே பெருமையாச்சே. நான் ஒரு மடச்சி, நெஜம்னு நினைச்சுப் பயந்தே போயிட்டேன்." சொல்லிவிட்டு அவளும் சிரிக்க ஆரம்பித்தாள்.

அப்போதுதான் இன்னொரு சிரிப்பு கேட்டது. பூச்சிக்காரர் திரும்பினார். அவர் மனைவி சிரித்துக்கொண்டிருந்தாள். முதலில் மெதுவாக, பிறகு வாய்விட்டு. "வீட்லயும் இப்படித்தாங்க, எது நெஜம், எது விளையாட்டுன்னே தெரியாது" என்று வீட்டுக்காரம்மாவின் கையைத் தட்டிச் சொன்னாள். அந்த ஹாலில் சிரிக்காத ஆள் அவர் ஒருத்தர்தான். உண்மையைச் சொன்னதும் அவர் ஒருத்தர்தான். எல்லாரும் இப்படிச் சிரிக்கிறார்களே, நான்தான் ஏதோ பெரிய பொய் சொல்லிவிட்டேனோ என்று அவருக்குத் தோன்றியது. கொஞ்ச நேரம் பொறுத்து, வேறு வழி தெரியாமல், அவரும் பல்லைக் காட்டினார்.

சாவி கைக்கு வந்தது. வாசல் வரைக்கும் கூடவே வந்த துணிக்கடைக்காரர், குரலைத் தாழ்த்தி, "பின்னறையில மறுபடி ரெண்டு பார்த்தேன். இனி நீங்க இங்கேயே வந்துடுவீங்க, நல்லதாப் போச்சு. அப்புறம் பேசிக்கலாம்" என்றார். பிறகு ஹாலுக்குக் கேட்கிற மாதிரி, "போயிட்டு வாங்க வக்கீல் சார்!" என்று கை குலுக்கினார்.

தெருவில் இறங்கி இரண்டு பேரும் நடந்தார்கள். அவள் முட்டிவலி தெரியாமல் நடந்தாள். அவர்தான் பின்தங்கினார். பால் கடையைத் தாண்டியதும் அவருக்குப் பொறுக்கவில்லை.

"நீ எதுக்குச் சிரிச்சே?"

அவள் நின்றாள். "நான் சிரிக்கலேன்னா அந்தம்மா நம்பியிருப்பாங்க."

"நம்பட்டுமே. நான் சொன்னது நெஜம்தானே."

"நெஜத்தைச் சொல்லித்தானே ரெண்டு வீட்டை விட்டு வந்தோம்? அப்ப நான்தானே சொன்னேன்? நெஜம் சொல்லி நெஜம் சொல்லி எனக்கு அலுத்துப்போச்சுங்க." அவள் கண் கலங்கியது. "உங்க வேலையை நான் கேவலமா நினைச்சேன்னா சொல்றீங்க? என்னையும்தான் டீச்சர்னு சொல்லி வச்சிருக்கேன். நாள் முழுக்க காப்பகத்துல அடுத்தவங்க குழந்தைக்கு மூக்கு துடைச்சு, கால் கழுவி விடறேன். ஆயான்னு சொன்னா அந்தம்மா என்னை உக்காரச் சொல்லியிருப்பாங்களா?"

இது அவருக்குப் புதுச் செய்தி. அவளுக்கும் இப்படி ஒரு வலி இருக்கும் என்று அவர் நினைத்துப் பார்த்ததேயில்லை. அவள்மேல் கோபப்படவேண்டும் என்றுதான் நடந்து வந்தார். இப்போது பாவமாக இருந்தது. பாவமாக இருப்பதாலேயே கோபம் இன்னும் தீராமல் நெஞ்சில் கிடந்தது. அந்தச் சிரிப்பு காதிலேயே நின்றது. அது வீட்டுக்காகச் சிரித்த சிரிப்பா, அல்லது நிஜமாகவே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டதா? கேட்கப் பயமாக இருந்தது. கேட்கவில்லை.

"சரி விடு" என்றார்.

"விட்டாச்சு. வீடு கிடைச்சதுல உங்களுக்குச் சந்தோஷமா இல்லையா?"

"சந்தோஷம்தான்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் கையிலிருந்த சாவியை வாங்கி, முந்தானையில் முடிந்துகொண்டாள். மறுபடி நடந்தார்கள். கொஞ்சதூரம் போனதும் அவள் குரலில் பழைய உற்சாகம் வந்துவிட்டது.

"ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். எந்த பேங்க், என்ன ஆபீசர்னு நான் சொல்லல. அந்தம்மா எப்ப வேணா கேட்பாங்க. ரெண்டு பேரும் ஒரே மாதிரி சொல்லணும். நீங்களே முடிவு பண்ணுங்க. கேஷியர்னு வச்சுக்கலாமா?"

பூச்சிக்காரர் இந்தப் பேச்சே வேண்டாம் என்றுதான் சொல்ல வாயெடுத்தார். வேலை வேலைதான், அதில் என்ன பெரிசு சிறுசு, ஊரை இத்தனை வீட்டுக் கட்டிலுக்கு அடியிலிருந்து பார்த்த எனக்கா தெரியாது என்று சொல்ல நினைத்தார். சொல்லவும் போனார். ஆனால் கால் நின்றுவிட்டது. முகத்தைச் சுளித்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தார்.

"கேஷியரா?" என்றார். "கேஷியர்னா கொஞ்சம் மட்டமா இருக்காது?"